நரை விக்கும் பாரின் விக்கும்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதிருப்போம் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்கவும் நான் விட்டிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை நான் நாடகத்தில் நடித்தேன். நாடகம் என்றால் பட்டணத்து சபா நாடகம் இல்லை. பெரம்பலூர், அரியலூர் சுற்று வட்டாரத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்ப் பையன்கள் சேர்ந்து போடும் நாடகம். ஆண் வேஷம் எல்லாம் அவர்களே கட்டிக்கொள்வார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் எங்களைப் போன்றவர்களை வெளியூரிலிருந்து வரவழைப்பார்கள். நான் பெரம்பலூர். அவள் திருச்சி. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சீன் திரை, உடுப்பு, விக் எல்லாம் வாடகைக்கு விட்ட கடைக்காரர்தான் எங்கள் இருவருக்கும் ஏஜெண்ட். ஊர்க்காரர்கள் அவரிடம் வந்து "ஒரு கதாநாயகி, ஒரு டான்ஸ்காரி" என்பார்கள். கதாநாயகி நான். டான்ஸ்காரி அவள்.

என்னைவிடப் பத்து வயது சின்னவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் வெங்காயக்காரியைக்கூட வாய் நிறைய அக்கா என்பாள். என்னை மட்டும் 'நீ', 'வா', 'போ'. மேடையில் தொங்குவது ஒரே ஒரு மைக். அதன் அடியில் போய் நின்றுகொண்டால் அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். கதாநாயகியான நான் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைத்தான் எங்களுக்கு மேக்கப் ரூமாகக் கொடுப்பார்கள். அங்கே இருக்கும் ஒரே கண்ணாடியின் முன்னால் அவள் முதலில் உட்கார்ந்துவிட்டால், புருவம் வரைந்து முடிப்பதற்குள் கோயிலில் சாமியே புறப்பட்டுவிடும்.

நானும் சும்மா இருந்ததில்லை. அவளுக்கு ஜாக்கெட் எல்லாம் கடைக்காரரின் டிரங்குப் பெட்டியிலிருந்து வருவது. எவளுக்கோ தைத்தது. முதுகில் வரிசையாக ஊக்கு குத்தித்தான் அதை நிறுத்துவாள். நானோ என் ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்வேன். என் கல்யாணத்துக்கு அப்பா ஒரு தையல் மிஷின் வாங்கித் தந்திருந்தார். கல்யாணம் நிலைக்கவில்லை, மிஷின் நிலைத்தது. ஒருமுறை மேக்கப்மேன் என்னிடம் வாயைக் கொடுத்தார்: "ஏம்மா, அந்தப் பொண்ணு ஜாக்கெட்டை நீ கொஞ்சம் பிடிச்சிக் குடுத்தா என்ன?"

"நான் டெய்லரா, கதாநாயகியா?" என்றேன், அவள் காதில் விழும்படி.

அவள் கண்ணாடியிலிருந்து திரும்பாமல் சொன்னாள்: "மிஷின் வெச்சிருக்கிற திமிரு." அதற்கப்புறம் தேவையில்லாமல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இங்கே நரை விக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் அதைவிட ஆபத்தான சாமான் கிடையாது. ஒரு நடிகை ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு நாடகத்தில், அம்மா வேஷத்துக்காக நரை விக்கைத் தலையில் வைத்துவிட்டாள் என்றால் முடிந்தது. அடுத்த ஊர்க்காரன் "அந்த அம்மா வேஷக்காரி" என்றுதான் கேட்டு வருவான். மறுபடியும் கறுப்பு முடியோடு மேடை ஏற முடியாது. அம்மா வேஷம் எல்லா நாடகத்திலும் இருக்காது, இருந்தாலும் முதல் காட்சியில் இருமிவிட்டு இரண்டாம் காட்சியில் செத்துப்போகிற வேஷம். எனக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. ஏஜெண்ட் ஜாடைமாடையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக மேக்கப்மேனின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். நரை விக் இருந்தால், நாடகம் முடிகிற வரைக்கும் பெட்டிமேலேயே ஒரு கண் வைத்திருப்பேன்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த ஊரிலும் நாடகச் செலவுக்கு யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர்தான் கதாநாயகன். அதற்கு வயது, உயரம், குரல் ஒன்றும் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது குன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் நடந்தது. அங்கே கதாநாயகன் வெங்காய மண்டிக்காரர். மகளைக் கட்டிக் கொடுத்து, பேரனுக்குக் காதும் குத்தியாகிவிட்டது. வருஷா வருஷம் அவருக்குக் கல்லூரி மாணவன் வேஷம். தலையில் முன்பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை. அதற்காக லப்பைக்குடிக்காட்டில் அரபு நாட்டுச் சாமான் விற்கும் கடையில் சொல்லிவைத்து ஒரு விக் வரவழைத்திருந்தார். பாரின் விக். மேக்கப்மேனைக்கூடத் தொட விடமாட்டார். பட்டுத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வருவார்.

நாடகத்தை எழுதியவன் பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த ஒரு பையன். அந்த ஊருக்கு அப்போதுதான் பஞ்சாயத்து டிவி வந்திருந்தது. பாதி நேரம் திரையில் பூச்சி பறக்கும், மீதி நேரம் புரியாத பாஷையில் யாராவது பேசுவார்கள். இருந்தாலும் ஊரே சாக்கு விரித்து உட்கார்ந்து பார்க்கும். இந்தப் பையன் யாரோ சொந்தக்காரர் தயவில் மெட்ராஸில் ஒரு டிவி தொடர் எடுப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தானாம். "ரெண்டு நடிகைங்க ஒரே ஒரு ஃபேனுக்கு அடிச்சிக்கிட்டாங்கக்கா, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது" என்றான். அதையே காமெடி நாடகமாக எழுதிவிட்டான். டிவி தொடர் ஒன்றில் மூத்த நடிகைக்கும் இளைய நடிகைக்கும் திரைக்குப் பின்னால் நடக்கும் சண்டை. மூத்தவள் நான், இளையவள் அவள். ஹீரோ, வேறு யார், மண்டிக்காரர்.

இந்த நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. முழு நாடகமும் எழுதிய நோட்டு ஒன்றே ஒன்றுதான். அது திரை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் கையில் இருக்கும். எங்களைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அவரவர் வசனம் மட்டும்தான் சொல்லித் தருவார்கள். எதிராளி வசனத்தின் கடைசி வார்த்தை எது என்று சொல்வார்கள், அது காதில் விழுந்தால் நாம் ஆரம்பிக்க வேண்டும். மற்றபடி கதை எங்கே போகிறது என்பது மேடை ஏறினால்தான் தெரியும். அப்படித்தான் அத்தனை வருஷமும் நடித்தேன். ஒருநாளும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

அன்று மத்தியானம் ரிகர்சலில் அந்தப் பையன் சொன்னான்: "கடைசி சீன்ல உங்களுக்கு வசனமே இல்லக்கா. நடுவுல நின்னா போதும். ஜனங்க பார்வை பூரா உங்க மேலதான்."

நடுவில் நிற்பது என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். அவள் ஒரு மூலையில் சலங்கையை முடிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நரை விக் இல்லை. "கடையிலயே விட்டுட்டு வந்துட்டேம்மா" என்றார் மேக்கப்மேன், கூரையைப் பார்த்துக்கொண்டு. அவர் ஏன் கூரையைப் பார்த்தார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணாடிக்குச் சண்டை, ஃபேனுக்குச் சண்டை, காமிராவுக்கு நேராக யார் நிற்பது என்று சண்டை. எங்கள் இருவருக்கும் நடிக்கிற வேலையே இருக்கவில்லை. "இந்த வயசுல ஒனக்கு ரெட்டை ஜடை கேக்குதா?" என்று அவள் கேட்டபோது விசில் பறந்தது. அவள் அதை மைக்குக்கு நேர் கீழே நின்று கேட்டாள். எழுதிக் கொடுத்த வசனம்தான், ஆனால் சொன்ன விதம் அவளுடையது. நானும் என் பங்குக்கு அவள் முதுகைத் திருப்பிக் கூட்டத்துக்கு ஊக்கு வரிசையைக் காட்டினேன். அது நாடகத்தில் இல்லாதது. அதற்கும் விசில் பறந்தது.

கடைசிக் காட்சி. டிவி டைரக்டர் வேஷத்தில் அந்தப் பையனே வந்தான். நான் நடுவில் நின்றேன். ஒரு பக்கம் மண்டிக்காரர், நெற்றியில் சுருள் விழ, பாரின் விக்கோடு. பையன் கையை விரித்துச் சொன்னான்: "கதையில பத்து வருஷம் ஓடிப்போச்சும்மா. இனிமே இந்தத் தொடர்ல நீங்க ஹீரோவுக்கு அம்மா!"

எனக்குப் புரிவதற்கு முன்னால் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. திரை ஓரத்திலிருந்து அவள் தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை, வாழைப்பழம், கதம்பம். நடுவில் நரை விக்.

பிராம்ப்டர் தட்டிக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "குனிங்கக்கா, குனிங்க. அவங்க வெச்ச ஒடனே திரைதான்."

எதிர்ப்பக்க ஓரத்தில் ஏஜெண்ட் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். மேக்கப்மேனுக்குத் தெரியும், பிராம்ப்டருக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், அந்த ஊர் முழுக்கத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். வழக்கமே அவர்களுக்குத் தோதாக இருந்தது. வசனம் இல்லாதவளுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லையே. ஒருமுறை குனிந்தால் போதும், அதோடு என் தொழில் முடிந்தது. அதையும் சிரிப்பாக முடிக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அவளைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டு மைக்குக்குக் கீழே போய் நின்றேன். அத்தனை வருஷத்தில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

"பத்து வருஷம் எனக்கு மட்டுந்தான் ஓடிச்சா? இந்த அய்யாவுக்கு ஓடலையா?"

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம். "பேரன் எடுத்தாச்சுடி அவருக்கு!" என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது. நான் தாம்பாளத்திலிருந்து நரை விக்கை எடுத்தேன். மண்டிக்காரர் ஏதோ நாடகத்தில் உள்ளது என்று நினைத்து இளித்துக்கொண்டு நின்றார். பாரின் விக்குக்கு மேலேயே அதை வைத்து, காது மறைய ஓர் அழுத்து அழுத்தினேன்.

அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தார். இரண்டு விக்கும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் தலையை ஊரே பார்த்தது. திரை இழுக்க வேண்டியவன் கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரை விழ வெகுநேரம் ஆனது.

மேக்கப் ரூமுக்கு மண்டிக்காரரின் மைத்துனர் ஆட்களோடு வந்தார்.

"மேடையில ஆம்பள தலையில கை வெக்கிறவ ஒரு பொம்பளையா?"

"என் தலையில வெக்க வந்தீங்களே, அது மட்டும் என்ன தலைங்க?" என்றேன்.

எழுதிய பையன் நடுவில் புகுந்தான். "அக்கா, காமெடிக்குத்தானக்கா எழுதுனேன்."

"ஒங்கம்மாவக் கூட்டியாந்து அங்க நிக்க வை. காமெடிய நான் எழுதறேன்."

ஏஜெண்ட் என்னை ஓரமாக இழுத்தார். "விடியக்காலம் கோயில் வாசல்ல அவரு கால்ல விழுந்துடும்மா. ரெண்டு நிமிஷ வேலை. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது." விழமாட்டேன் என்றேன். விழவில்லை. அதற்கு மேல் அங்கே யாரும் எங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தரவில்லை.

காலையில் குன்னத்தில் பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றோம். அவளும் அதே பஸ்ஸில்தான் போயாக வேண்டும். டீக்கடைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கையைப் பின்னால் விட்டு முதுகில் இருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் குத்திக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்.

"ஒனக்கு மின்னாடியே தெரியும் இல்ல?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? மொதல்ல என் தலையிலதான் வெக்கிறதா இருந்தாங்க. சின்னவள அம்மாவாக்குனா இன்னும் சிரிப்பு வரும்னு அந்தப் பையன் சொன்னான். நான்தான் ஏஜெண்டுகிட்ட அழுது மாத்த வெச்சேன். ரெண்டுல ஒரு தலைன்னா என் தலையவா குடுப்பேன்?"

கூச்சமே இல்லாமல் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்காகியது. பஸ் வந்ததும் நான் முன்பக்கம் உட்கார்ந்தேன், அவள் பின்பக்கம் போய்விட்டாள்.

அந்த சீசனில் அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஊர்கூட வரவில்லை. ஏஜெண்ட் எல்லா ஊருக்கும் சொல்லிவிட்டார். கதாநாயகனை அவமானப்படுத்துகிறவள், வேண்டாம். நாடகத்தை விட்டுவிட்டேன் என்று பிற்பாடு கேட்டவர்களிடம் சொன்னேன். அது மரியாதைக்குச் சொன்னது. துரத்திவிட்டார்கள் என்பதுதான் உண்மை. மிஷினைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, தெருவில் இருந்த பெண்களுக்கு ஜாக்கெட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று தைக்க ஆரம்பித்தேன்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலே தெரிந்தது.

"அதே ஊரு, அதே நாடகம். கடைசி சீன் இல்லாம நாடகமே வேணாங்கிறாங்க ஜனங்க. அவ்ளோ பேரு வாங்கிடுச்சு."

"மண்டிக்காரரு?"

"அவரு இனிமே மேடை ஏற மாட்டாராம். மண்டியில மூட்டை தூக்கறவன்கூட தாத்தான்னு கூப்பிடறானாம். வேற ஆளு. ஆனா விக் இந்தத் தடவை ஒந்தலையிலதான் ஏறணுமாம். அவரு மச்சினரு அதுல கண்டிப்பா இருக்காரு. ஒரே ஒரு தடவை குனிஞ்சிடு, எல்லாம் சரியாயிடும். அப்புறம் அம்மா வேஷத்துக்கு நானே பத்து ஊரு புடிச்சித் தரேன்."

நான் மிஷினை நிறுத்தவில்லை. "தள்ளி நில்லுங்கண்ணே. வெளிச்சம் மறைக்குது" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா முடிந்த பிறகு மேக்கப்மேன் பெரம்பலூர் பக்கம் வந்தபோது எட்டிப் பார்த்தார். அவரிடமும் எனக்குக் கோபம்தான், ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சேதி தெரிய வேண்டுமே. மூத்த நடிகை வேஷத்தில் இந்த முறை அவள். தாம்பாளம் எடுத்து வந்தது துறையூரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்.

"குனிஞ்சாளா?" என்று கேட்டேன்.

"குனிஞ்சா. ஒடனே குனிஞ்சா. நல்லா சிரிச்சாங்க ஜனங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. நன்றாக வேண்டும் என்றுகூட வாய்விட்டுச் சொன்னேன். மேக்கப்மேன் போன பிறகு ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைக்க உட்கார்ந்தேன், ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டினேன், அதுவும் உடைந்தது. என்னைக் குனிய வைக்கப் பார்த்தவள் எப்படிக் குனியலாம் என்று ஆத்திரமாக வந்தது. இருபத்தாறு வயதில், முதுகு நிறைய ஊக்கோடு, ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசாமல். திட்டுவதற்கு அவள் எதிரில் இல்லாததால் மிஷினையே திட்டினேன்.

அதற்கும் கொஞ்ச காலம் கழித்து, லைனிங் துணி வாங்க அரியலூர் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மீன்சுருட்டி பக்கம் எங்கோ நாடகம் முடித்துவிட்டு வருகிறாள் போல. நெற்றியோரத்தில் விக் ஒட்டும் பசை பட்டுப் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அந்த இடத்தில் பசை போடுவது நரை விக்குக்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்த்துவிட்டு நகரப் பார்த்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. அத்தனை நாளும் என் தொண்டையில் இருந்தது அதுதான், அதைத்தான் கேட்டேன்.

"ஏண்டி குனிஞ்ச?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையில் இருந்த துணிப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு மிஷின் இருந்துச்சு" என்றாள்.

திருச்சி பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. அதே இரவல் ஜாக்கெட்தான், அதே ஊக்கு வரிசை. பஸ் திரும்புகிற வரைக்கும் நான் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.